கொடையால் வாழ்ந்த பாஷையும் மடியில் வாழ்ந்த பாஷையும்

விழுப்புரம் மாவட்டத்தில், பிரம்மதேசத்துப் பாதாளீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் ஆலயங்களைத் தரிசிக்க வருவோர், அண்மையிலேயே இருக்கும் எண்ணாயிரத்தையும் எசாலத்தையும் காணாது திரும்புவாராயின், தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றின் அரிய அத்தியாயம் ஒன்றைப் படியாமலே திரும்பியவராவர். எண்ணாயிரத்து அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில், கங்கைகொண்ட சோழனாகிய முதலாம் இராஜேந்திரன் காலத்துச் சாசனம் ஒன்று, இன்றைய பல்கலைக்கழகம் எதுவும் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைக்கக்கூடிய அத்தனை நுட்பத்தோடு ஒரு கல்லூரியின் வரவு செலவுகளைப் பொறித்து வைத்திருக்கிறது. மாணாக்கர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். ரிக் வேதம் ஓதுவார் 75, யஜுர் வேதம் ஓதுவார் 75, ரூபாவதாரம் என்னும் இலக்கணம் பயில்வார் 40, உயர்நிலையில் வியாகரணம் கற்பார் 25, பிரபாகர மீமாம்சை கற்பார் 35, வேதாந்தம் கற்பார் 10 என்பன முதலான தலைக்கணக்கும், அவரவர்க்கு நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லின் நாழிக்கணக்கும், அதன்பொருட்டு ஒதுக்கிய 45 வேலி நிலமும் அதில் குறிக்கப்பெற்றுள்ளன. திருவாய்மொழி ஓதுவோர்க்கும் நிவந்தம் உண்டு.

எசாலத்தில் 1987ஆம் ஆண்டு மண்ணிலிருந்து வெளிப்பட்ட இராஜேந்திரனின் செப்பேடுகளோ இரு பாஷைகளில் அமைந்தவை. சோழர் செப்பேடுகளின் பொது வழக்குப்படி, அரச குலத்தின் வம்சாவளியையும் வீரப் பிரதாபத்தையும் சொல்லும் முற்பகுதி கிரந்த எழுத்தில் ஸம்ஸ்கிருதமாகவும், தானமளித்த நிலத்தின் நான்கெல்லை எது, வாய்க்கால் எது, ஏரிக்கரை எது, வரி விலக்கு யாது என்று விவரிக்கும் பிற்பகுதி தமிழாகவும் இருக்கும். குடியானவன் ஏர் பிடிக்கும் நிலத்தின் எல்லையில் ஒரு முழம் பிசகினாலும் வழக்கு வரும். ஆதலின் அந்தப் பகுதி, வழக்காடும் மனிதர்கள் வீட்டில் பேசும் பாஷையிலேயே இருந்தாக வேண்டும். இராஜ கௌரவம் ஒரு பாஷைக்கும், நிலத்தின் நிஜம் மற்றொரு பாஷைக்கும் உரியதாகப் பிரிந்து நின்ற அந்த ஏற்பாட்டை நான் குறைகூற வரவில்லை. 45 வேலி நிலத்தின் விளைச்சலால் போஷிக்கப்பெற்ற கல்வி தனக்குரிய சாஸ்திரப் பணியைச் செவ்வனே ஆற்றிற்று. ஆனால் அவ்வளவு கொடையும் சேர்ந்து, அவ்வூர்க் குழந்தை எதுவும் ஸம்ஸ்கிருதத்தில் அழுது பால் கேட்கும்படி செய்யவில்லை. எவ்விதக் கொடையுமின்றி ஏர்க்காலிலும் களத்துமேட்டிலும் புழங்கிய தமிழோ ஆயிரம் ஆண்டு கடந்து இன்றும் அதே மண்ணில் ஒலிக்கிறது. ஒரு பாஷையை எது உயிரோடு வைத்திருக்கிறது என்னும் கேள்வியைக் கேட்பதற்கு இவ்வட்டாரத்தைவிடத் தகுந்த இடம் வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இக்கேள்விக்காகத் தன் சரீரத்தையே பரீட்சைக் களமாக்கிக்கொண்ட தேசம் அயர்லாந்து. அத்தேசத்துக்கும் நமக்கும் பாஷை விஷயத்தில் உள்ள தொடர்பு பலரும் எண்ணுவதைக் காட்டிலும் நெருக்கமானது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டு, தமிழ், தெலுங்கு முதலியவற்றோடு நீலகிரியின் தோடர், கோத்தர் பேச்சுக்கும் அக்குடும்பத்தில் இடமளித்த கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்கு 1814இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். 1862இல் வக்கீலாகச் சென்னைக்கு வந்து, பின்னர் வைஸ்ராய் சபையில் சட்ட அங்கத்தினராக உயர்ந்த விட்லி ஸ்டோக்ஸ், இந்தியச் சட்டங்களை வரைந்தபடியே பழைய ஐரிஷ் ஏடுகளையும் பதிப்பித்த டப்ளின் நகரத்துப் பண்டிதர். இந்திய மொழிக் கணக்கெடுப்பு என்னும் மகத்தான காரியத்தை 1928இல் முடித்த கிரியர்ஸனும் டப்ளின் பகுதியில் பிறந்தவரே. அந்தப் பெருங்கணக்கெடுப்பு சென்னை மாகாணத்துக்குள் வரவேயில்லை. அதனால் வடக்கே மிகச் சிறிய பாஷைக்கும் ஒரு பக்கமாவது வாய்த்தபோது, நம் பக்கத்துச் சிறு பாஷைகள் பல நெடுங்காலம் ஏட்டில் ஏறாமலே நின்றன. இந்த இழப்பை நாம் இன்னும் முழுவதாக ஈடு செய்யவில்லை.

அயர்லாந்தின் கதையை, பலரும் செய்வதுபோல், ஆங்கில அரசின் அடக்குமுறைக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் தவறிப்போகும். அடக்குமுறை இருந்தது மெய். நீதிமன்றத்தில் ஆங்கிலமன்றி வேறு பாஷை கூடாது என்று 1737இல் ஒரு சட்டம் பிறந்தது. 1831இல் நிறுவப்பட்ட தேசியப் பள்ளிகளில் ஆங்கிலமே போதனா பாஷையாயிற்று. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். பஞ்சம் மிகக் கொடுமையாகத் தாக்கியது ஐரிஷ் பேசிய மேற்குக் கரையோர ஏழைகளையே. பஞ்சம் ஓயும் தறுவாயில், 1851இல், முதன்முதலாகக் குடிக்கணக்கில் ஐரிஷ் பாஷையைப் பற்றிக் கேட்டபோது, அதை அறிந்தவர் சுமார் 15 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 23 பேர், என்று தெரியவந்தது.

ஆயினும் இந்த எண்ணிக்கை அதற்குப் பிறகும் தலைமுறைக்குத் தலைமுறை சரிந்ததற்குப் பஞ்சம் மாத்திரம் காரணமன்று. பள்ளிக் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். குழந்தை ஐரிஷில் ஒரு வார்த்தை பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணி அதற்கேற்ப அடி விழும். இதில் நெஞ்சைத் துணுக்குறச் செய்யும் செய்தி, வீட்டில் நடப்பதையும் அதே குச்சியில் குறித்து அனுப்பப் பெற்றோரே பல இடங்களில் உடன்பட்டார்கள் என்பதுதான். அவர்கள் துரோகிகளல்லர். குழந்தை பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பிழைக்கவேண்டும், தம்மைப்போல் பட்டினியால் சாகக்கூடாது என்ற வாத்ஸல்யமே அவர்களை அவ்வாறு செய்வித்தது. ஐரிஷைத் தாய்ப்பாலோடு பருகி வளர்ந்த டேனியல் ஓகானலே, தேசத்தலைவராக விளங்கிய காலத்தில், ஆங்கிலத்தின் பிரயோஜனத்தை முன்னிட்டு அப்பாஷை மெல்ல வழக்கொழிவதைத் துக்கமின்றிக் காண முடியும் என்ற கருத்துடையவராயிருந்தார். சத்துருவால் மட்டும் அழிக்கப்படும் பாஷைக்கு வீரர்கள் தோன்றிவிடுவர். அன்பினாலும் அச்சத்தினாலும் கைவிடப்படும் பாஷைக்கு எதிரி எங்கே நிற்கிறான் என்றே தெரிவதில்லை.

1893ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் டக்ளஸ் ஹைடும் ஓயன் மக்நீலும் சில நண்பர்களும் கூடி, ஐரிஷ் பாஷையைப் பேணும் பொருட்டு, கேலிக் சங்கத்தை நிறுவினர். ஹைடு பிராடஸ்டண்டு பாதிரியாரின் புதல்வர். பாஷை சமயச்சார்பற்ற, கட்சிச்சார்பற்ற பொதுச்சொத்தாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. சங்கத்தின் வகுப்புகள் ஊரூராகப் பரவின. தபால் விலாசத்தை ஐரிஷில் எழுதும் உரிமைக்காகவும், வண்டியின் பக்கத்தில் பெயரை ஐரிஷில் தீட்டும் உரிமைக்காகவும் மனிதர்கள் வழக்காடினர். ஆனால் பாஷாபிமானம் விடுதலை வேட்கையோடு பிணையாமல் இருக்க இயலவில்லை. 1915இல் சங்கம் அரசியல் விடுதலையைத் தன் நோக்கங்களில் ஒன்றாக ஏற்றபோது ஹைடு தலைமையைத் துறந்தார். பின்னர் 1938இல் அவரே குடியரசுத் தலைவராக அமர்ந்தது காலம் அவருக்குச் செய்த மரியாதை.

சுதந்திர அயர்லாந்து தன் பாஷைக்கு மறுக்காமல் அளித்த கௌரவங்கள் எண்ணிலடங்கா. 1922இன் அரசியற் சட்டம் அதைத் தேசிய பாஷையாக்கிற்று. 1937இன் சட்டம் முதல் ஆட்சிமொழியாக்கிற்று. பள்ளியில் எல்லோர்க்கும் கட்டாயமாயிற்று. அதில் தேறாதவர் பள்ளியிறுதிச் சான்றிதழையே இழக்கும் விதி 1973 வரை இருந்தது. பிற்காலத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. எண்ணாயிரத்துக் கல்லூரிக்கு இராஜேந்திரன் செய்ததைவிடப் பன்மடங்கு கொடை! அதன் பயன் யாது? 2022இன் குடிக்கணக்கில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றனர்; பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் 71,968 பேர் மட்டுமே. கற்றவர் தொகைக்கும் பேசுவோர் தொகைக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தை எந்தச் சட்டத்தாலும் நிரப்ப முடியவில்லை.

ஆனால் அந்தப் பள்ளத்தின்மேல் ஒரு சிறு பாலம் கட்டிய சரித்திரமும் அங்கேயே உண்டு. அது எனக்கு மிகவும் உவப்பானது. ஆங்கில ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், 1969இல், சில இளந்தம்பதிகள் ஷா ரோடு என்னும் தெருவில் அக்கம்பக்கமாகத் தாமே வீடுகள் கட்டிக் குடியேறினர். வீட்டில் ஐரிஷ் தவிர வேறு பேசுவதில்லை என்பது அவர்கள் தமக்குள் செய்துகொண்ட சங்கற்பம். அவர்களிற் பலர் அப்பாஷையைப் பெரியவர்களான பின் கற்றவர்கள். குழந்தைகள் வளர்ந்ததும் 1971இல் அவர்களே ஒரு பள்ளியும் தொடங்கினர். அரசின் அங்கீகாரமோ உதவிப்பணமோ இல்லை. கைப்பணத்தைக் கொண்டும் ஊரார் நன்கொடையைக் கொண்டும் நடத்தினர். ஒரு தெருவில் தோன்றிய அந்த விதையிலிருந்து வட அயர்லாந்து முழுதும் ஐரிஷ் வழிப் பள்ளிகள் கிளைத்தன. 1737இன் பழைய சட்டத்தை நீக்கும் சட்டமே 2022இல்தான் வந்தது. டப்ளின் அரசு மேலிருந்து இறக்க முடியாததைப் பெல்ஃபாஸ்டின் தாய்மார் கீழிருந்து ஏற்றினர்.

கடல் கடந்த தமிழரிடமும் இதே புதிர் காணக்கிடக்கிறது. மொரீஷியஸ் தீவில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் சந்ததியார் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். எனினும் 1998இல் அந்நாட்டு ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து, வழக்கமான இடத்திலிருந்து மாற்றி, நாகரிக்குக் கீழே அச்சிடப்பட்டபோது அவர்கள் கிளர்ந்தெழுந்த வேகத்தில் அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப்பெற நேர்ந்தது. அன்பு குன்றாத இடத்திலும் வழக்கு குன்றிவிடலாம் என்பதற்கு இதனினும் மனத்தை நெகிழ்விக்கும் சான்று வேண்டுமோ?

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். தமிழின் உரிமைக்காக 1938இலும் 1965இலும் சிறைபுகுந்தும் உயிர்நீத்தும் போராடிய மக்களாகிய நமக்கு, நம்மிடையே வாழும் சிறுபான்மைப் பாஷைகளின் வேதனை மற்றவரைவிட எளிதில் விளங்கவேண்டும். அவ்வாறு விளங்கியிருக்கிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது.

மதுரை, பரமக்குடி, கும்பகோணம், சேலம் முதலிய ஊர்களில் நெசவாளராகக் குடியேறிய சௌராஷ்டிரரின் பாஷைக்கு வாய்த்த ஊக்கம் சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டி. எம். இராமராய் சௌராஷ்டிர எழுத்தில் பாடநூல்கள் அச்சிட்டார். நடனகோபால நாயகி சுவாமிகள் அப்பாஷையில் பக்திப் பாடல்கள் பொழிந்தார். 2008இல் அவ்வெழுத்துக்குக் கணினி ஒருங்குறியிலும் இடம் கிடைத்தது. 2011 குடிக்கணக்கில் 2,47,702 பேர் அதைத் தாய்மொழியாகக் குறித்தனர். ஆனால் சொந்த எழுத்தில் எழுதுவதா, தேவநாகரியிலா, தமிழ் எழுத்திலா என்ற வாதத்தில் நூறாண்டுக்கு மேல் கழிந்திருக்கிறது. எழுத்தைப் பற்றிய சர்ச்சையில் செலவான சிரத்தையில் ஒரு பாதியாவது பேரக்குழந்தையோடு பேசுவதில் செலவாகியிருந்தால் எத்துணை நன்மை விளைந்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. அச்சமூகத்தில் பிறந்த எம். வி. வெங்கட்ராம் ‘காதுகள்’ நாவலைத் தமிழில் எழுதி 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார்; தமிழுக்கு அது பெரும்பேறு. அந்தப் பேற்றைப் பெற்ற நாம் அவர் வீட்டுப் பாஷைக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான நிலை நரிக்குறவரின் பாஷையாகிய வாக்ரி போலியுடையது. குஜராத்தி, இராஜஸ்தானி வகைகளோடு உறவுடைய அப்பாஷைக்கு எழுத்தில்லை, சபையில்லை, அச்சில்லை, புரவலரில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்ட ஜி. சீனிவாச வர்மாவின் ஆராய்ச்சி நூலைத் தவிர அதன் இலக்கணத்தை விரித்துரைத்த நூல் மிக அரிது. என்றாலும் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஊசியும் பாசிமணியும் விற்கும் தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை அப்பாஷையில்தான் பேசுகிறது. விற்பனை தமிழில், வீடு வாக்ரி போலியில். கொடை பெற்ற சௌராஷ்டிரம் தளர, கொடை பெறாத வாக்ரி போலி தழைப்பது ஏன்? அம்மக்களை நாம் ஊருக்கு வெளியே நிறுத்திவைத்தோம். அந்தத் தனிமையே பாஷைக்கு வேலியாயிற்று. இதை மகிழ்ச்சிக்குரிய செய்தியாகக் கொள்வது பாவம். ஒதுக்கப்பட்டதால் பிழைத்த பாஷை, ஒதுக்கல் நீங்கும் நாளில் உதிரும் அபாயத்தில் இருக்கிறது.

அந்த நாள் இப்போது வந்திருக்கிறது. நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின், 2022 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் நரிக்குறவரும் குருவிக்காரரும் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். கல்வியுரிமையும் உத்தியோக உரிமையும் அவர்களுக்கு எட்டிய இந்நேரம் எல்லாரும் கொண்டாடத்தக்கது. ஆனால் 1831இல் அயர்லாந்தின் ஏழைக்குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்பதை அறிந்தவர் இந்நேரத்தில் கவலையும் கொள்ளாதிருக்க மாட்டார். பள்ளியின் வாசலை மிதித்த முதல் நாளிலேயே, தன் தாய் பேசுவது பேச்சே அன்று, ஏதோ வெட்கப்படவேண்டிய கூச்சல் என்று ஒரு குழந்தை உணருமாயின், அப்பாஷை அதன் குழந்தைக்குச் சேராது. இருபத்தைந்து ஆண்டுகள் போதும்.

நம் மாவட்டத்து இருளரிடம் அந்த உதிர்வு ஏறக்குறைய நிகழ்ந்து முடிந்துவிட்டது. நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் வழங்கும் இருள மொழியின் தனித்தன்மையை கமில் சுவலபில் 1973 முதல் வெளியிட்ட நூல்களில் நிறுவினார். குடிக்கணக்கோ இன்றும் அதைத் தமிழ் என்ற தலைப்பின் கீழ் ஓர் உட்பிரிவாகவே எழுதுகிறது. திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பக்கத்துச் சமவெளி இருளர் இன்று பேசுவது பெரும்பாலும் தமிழே. செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமையாகக் கிடந்த அம்மக்களுக்குப் பாஷையைவிட உயிரும் மானமுமே முதற்கவலையாயிருந்தன. அவர்களுக்காகப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகப் பாடுபட்ட திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி, அதே ஊரில் தாய்த்தமிழ்ப் பள்ளி ஒன்றையும் நடத்திவந்திருக்கிறார் என்பது தற்செயலன்று. தெருவுக்குத் தெரு ஆங்கிலவழிப் பள்ளிகள் எழுந்து, வகுப்பறையில் தமிழ் பேசிய குழந்தைக்கு அபராதம் விதிப்பதும் சில இடங்களில் வழக்கமாகிவிட்ட காலத்தில், தமிழ்வழியில் ஒரு பள்ளியைத் தமிழ்நாட்டிலேயே எதிர்நீச்சலிட்டு நடத்த வேண்டியிருக்கிறது. அயர்லாந்துக் குழந்தையின் கழுத்திலிருந்த குச்சி நமக்கு அந்நியமானதன்று.

அரசியலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2006இன் தமிழ் கற்றல் சட்டத்தை நான் நியாயமானதென்றே கருதுகிறேன். இம்மண்ணில் வளரும் எந்தக் குழந்தையும் தமிழறியாது வளர்வது அக்குழந்தைக்கே நஷ்டம். ஆயினும் அச்சட்டத்தின்பேரில் தெலுங்கு, உருது, கன்னட, மலையாளச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்று தம் குறையைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. அவர்களுக்குப் பள்ளிகளும் வக்கீல்களும், எல்லைக்கப்பால் தம் பாஷை ஆளும் இராஜ்யங்களும் உண்டு. வாக்ரி போலிக்கும், தோடருக்கும், கோத்தருக்கும் யார் உண்டு? குடிக்கணக்கு பத்தாயிரம் பேருக்குக் குறைந்த பாஷைகளை 1971க்குப் பிறகு தனிப் பெயரிட்டு வெளியிடுவதே இல்லை. 1956இல் ஏழாம் திருத்தத்தால் அரசியற் சட்டத்தில் சேர்ந்த 350ஏ விதியோ, சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கநிலையில் தாய்மொழியிற் கல்விக்கு வசதி செய்ய ஒவ்வொரு இராஜ்யமும் முயலவேண்டும் என்று கூறுகிறது. தலைகளை எண்ணிய பிறகு முயல்க என்று கூறவில்லை.

இதற்குக் கோடிக்கணக்கான பணமோ புதிய சர்வகலாசாலையோ தேவையில்லை. நியூஸிலாந்தின் மாவோரிகள் 1982இல் தம் மூதாட்டிகளையே மழலைப் பள்ளிகளில் ஆசிரியைகளாக அமர்த்தினர். அம்மூதாட்டிகள், பேசிப் பாடிக் கதைசொல்லி, நடுவில் ஒரு தலைமுறை இழந்ததைப் பேரக்குழந்தைகளுக்கு நேராகக் கொடுத்தனர். நம் மாவட்டத்திலும், நரிக்குறவர் குடியிருப்பையடுத்த தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றிலும், முதலிரண்டு வகுப்புகளில் அச்சமூகத்துப் பெண் ஒருவரைத் துணையாசிரியையாக அமர்த்தலாம். குழந்தை தன் பாஷையில் கேட்கும் கேள்விக்கு அதே பாஷையில் விடையும், பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லும் கிடைக்கும். சீனிவாச வர்மா திரட்டிய சொற்களிலிருந்து ஒரு சிறு கைந்நூல் தயாரித்து வகுப்பாசிரியர் கையில் கொடுக்கலாம். இருளர் குடியிருப்புகளில் மூலிகைக்கும் பாம்புக்கும் எலிவளைக்கும் முதியோர் வழங்கும் பெயர்களையும், கன்னியம்மனுக்கு அவர்கள் பாடும் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்ய மயிலத்திலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள கல்லூரிகளின் தமிழ் மாணாக்கர் ஒரு கோடை விடுமுறையைச் செலவிடலாம். முதியோர் இருக்கும்போதே இதைத் தொடங்கவேண்டும்; வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது துணையாசிரியையின் நியமனம் முடிந்திருக்கவேண்டும்.